உறைபனிக் காலத்தில் மாடும் ஆடும்: நீலகிரியில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஊட்டியைச் சுற்றிய ஊர்களில் பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீடுகள் நிறைய. மலையில் இருப்பது இரண்டு முதியவர்கள், இரண்டு மாடு, கொஞ்சம் செம்மறி, நாலு கோழி. ஒன்பது மாதம் இந்தக் கணக்கு ஓடிவிடும். நவம்பர் முடிவிலிருந்து பிப்ரவரி நடுவரை உள்ள பனிக்காலத்தில்தான் மாடும் கஷ்டப்படும், மனிதரும் விழுவார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைச் சுற்றி எழுதப்பட்டது: பனிக்காலத்தில் வெயில் முற்றத்தில் விழும் முன் அறுபதைத் தாண்டிய யாரும் கொட்டகைக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. அந்த அவசியம் இல்லாமல் செய்யும் வேலை முழுவதும் அக்டோபரிலேயே முடிய வேண்டும். வடகிழக்கு மழைக்கு நடுவே கிடைக்கும் காய்ந்த நாட்களை இதற்குப் பயன்படுத்துங்கள்.

## எந்தக் குளிர் ஆபத்து

மலையில் முதலில் வருவது நீர்ப்பனி. புல் முழுக்க ஈரமாக இருக்கும், உறையாது. பிறகு உறைபனி. தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற பள்ளமான இடங்களில் புல்தரை வெள்ளையாகிவிடும், பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இறங்கும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் ஒரே தோட்டத்தில் மேட்டில் உள்ள கொட்டகைக்கும் ஓடைக்கரையில் உள்ள கொட்டகைக்கும் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் வரலாம்.

முடி காய்ந்து, வயிறு நிறைந்து, காற்று படாமல் நிற்கும் மாட்டுக்குப் பூஜ்ஜியம் டிகிரி பெரிய விஷயமில்லை. அதே மாடு நனைந்து நின்றால் சுமார் 15 டிகிரியிலேயே உடல் சூட்டைக் காக்கத் தீவனத்தை எரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே டிசம்பரின் தெளிந்த உறைபனி இரவைவிட, நவம்பரின் தூறலோடு காற்று அடிக்கும் 10 டிகிரி இரவுதான் அதிக மாடுகளைச் சாய்க்கிறது. நீங்கள் போராட வேண்டியது ஈரத்தோடும் ஊதைக்காற்றோடும்தான். கொட்டகையைச் சூடாக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் ஒரு வெப்பமானியைக் கொட்டகைக்குள் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், அதாவது படுத்திருக்கும் கன்றின் மூக்கு மட்டத்தில் மாட்டுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டினால் தவறான அளவு காட்டும். மாலை ஆறு மணிக்கு வானம் மேகமே இல்லாமல் துடைத்தது போலிருந்து காற்றும் அசையாமல் நின்றால், அன்று இரவு உறைபனி என்று வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

## எத்தனை உருப்படி, எப்போது ஈற்று

கறவை மாடு ஒன்றுக்குத் தீவனம், தண்ணீர், சாணம், கறவை எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேர உழைப்பு வேண்டும். இருவரும் 65-ஐத் தாண்டிய வீட்டுக்கு ஒரு கறவை, ஒரு வற்றிய மாடு அல்லது கிடாரி, ஆறு முதல் எட்டுச் செம்மறி என்பதே நியாயமான மேல்வரம்பு. மாட்டில் ஜெர்சி கலப்பினம் பொருத்தம். உடல் சிறியது, தீவனம் குறைவு, சரிவில் கால் ஊன்றி நடக்கும். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் பால் கூடத் தரும். ஆனால் அது தின்பதைச் சுமக்க ஆள் வேண்டும். காளையும் முட்டும் கிடாவும் வயதானவர் வீட்டில் இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

செம்மறியில் நீலகிரி இனம் இந்தக் குளிருக்கென்றே உருவானது. கோயம்புத்தூர்ச் செம்மறியோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் 19-ஆம் நூற்றாண்டில் கலந்து வந்த கம்பளி ஆடு இது. சாண்டிநல்லாவில் உள்ள ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இதைப் பாதுகாத்து வருகிறது. எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் இனம் என்பதால், கிடைத்தால் இதையே வளர்ப்பது மலைக்கும் நல்லது.

அடுத்தது ஈற்றுக் காலம். பனிக்கால நள்ளிரவில் நடக்கும் ஈற்றுதான் முதியவரைக் கொட்டகைக்கு இழுக்கும் முதல் காரணம். இதைத் தேதி போட்டுத் தவிர்க்கலாம்.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஜூன் இரண்டாம் வாரம் சினை ஊசி போட்டால் மார்ச் நடுவில் கன்று வரும். ஈற்றுக்கு 60 நாள் முன்பே பாலை வற்றவைக்க வேண்டும் என்பதால் ஜனவரி நடுவிலிருந்து கறவையும் இருக்காது. கடும் குளிரின் பாதி நாட்களுக்குக் காலைக் கறவை இல்லாமல் போகிறது என்றால், அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று யோசித்துப் பாருங்கள். ஜூனில் சினை பிடிக்காமல் மாடு மறுபடி பருவத்துக்கு வந்தால், ஜூலை ஊசி ஏப்ரல் ஈற்றைத் தரும், அதுவும் நல்லதே. பிப்ரவரி நடுவிலிருந்து மே நடுவரை ஊசி போடாமல் விடுங்கள். நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரையிலான ஈற்றை அது தவிர்க்கும்.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். ஜூலை முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை கிடாவைச் சேர்க்காமல் இருந்தால், டிசம்பர் முதல் பிப்ரவரி நடுவரை குட்டி விழாது. சொந்தக் கிடா வைத்திருக்காமல், வேண்டும்போது அக்கம்பக்கத்தில் வாங்கிச் சேர்த்துத் திருப்பிவிடுவதே முதியவர்களுக்கு வசதி.

## அக்டோபரில் கொட்டகை

முதலில் காற்று. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வீசும். வடக்கு, கிழக்குப் பக்கச் சுவர்களை ஐந்தடி உயரம் வரை முழுதாக அடையுங்கள். கல், மண், சில்வர் ஓக் பலகை எதுவானாலும் சரி. தெற்குப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். பனிக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வெயில் உள்ளே படுக்கைவரை விழும். இரவில் அந்தப் பக்கத்துக்குச் சுருட்டி விடும் தார்ப்பாய் போதும். கயிற்றை இழுத்தால் ஏறி இறங்கும்படி, நெஞ்சு உயரத்தில் கட்டும் முடிச்சோடு அமையுங்கள். ஏணி ஏறிக் கட்ட வேண்டிய தார்ப்பாய் மூன்றாம் நாள் கட்டப்படாமலே கிடக்கும்.

கொட்டகைக்குக் கீழ்ச்சரிவில் அடர்ந்த வேலியோ தொடர்சுவரோ இருந்தால் குளிர்காற்று அணைக்கட்டில் தேங்குவது போலக் கொட்டகையிலேயே தேங்கும். அந்த வேலியில் ஓரிடத்தில் ஆறடி அகலம் வழி விடுங்கள்.

இரண்டாவது காற்றோட்டம். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். குளிருக்குப் பயந்து எல்லா ஓட்டையையும் சாக்கால் அடைப்பார்கள். மாட்டின் மூச்சும் மூத்திரமும் நீராவியாகி, தகரக் கூரையில் பட்டுக் குளிர்ந்து, விடிகாலையில் மாட்டின் முதுகில் சொட்டும். மாடு நனைகிறது, மூத்திர நெடி நுரையீரலை அரிக்கிறது, பத்தே நாளில் கன்றுக்கு இருமல். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இரு பக்கமும் அரையடி முதல் ஓரடி இடைவெளி கட்டாயம் வேண்டும். அது மாட்டின் முதுகுக்கு மேலே இருப்பதால் ஊதை நேராகப் படாது. சோதனை எளிது: காலையில் தார்ப்பாயைத் தூக்கும் முன், கன்று படுத்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது. தகரக் கூரைக்கு அடியில் மூங்கில் பாயோ மெல்லிய பலகையோ ஒரு விரற்கடை இடைவெளியில் அடித்துவிட்டால் சொட்டுவது பெருமளவு நிற்கும்.

மேல் இடைவெளிகளுக்கும் ஆட்டுப்பட்டியின் சன்னல்களுக்கும் பற்றவைத்த கம்பி வலை அடியுங்கள். சிறுத்தைக்குக் கோழிவலை ஒரு தடையே இல்லை. கதவுத் தாழ்ப்பாள் இரும்பாக இருக்கட்டும்.

மூன்றாவது தரையும் படுக்கையும். மாடு ஒன்றுக்கு மூன்றரை முதல் நான்கு சதுர மீட்டர் இடம், 40 அடிக்கு ஓரடி சரிவு. வெறும் சிமெண்ட் தரை மாட்டின் சூட்டை இரவு முழுக்க உறிஞ்சும். ரப்பர் பாய் போட்டு, அதன்மேல் நான்கு முதல் ஆறு அங்குலம் வைக்கோலோ காய்ந்த மரத்தூளோ பரப்புங்கள். போதுமா என்று பார்க்க, படுக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி இருபது எண்ணுங்கள். எழுந்தால் துணி ஈரமாக இருக்கக் கூடாது. முழங்கால் வலிக்காரர்கள் ஒரு தடித்த காகிதத்தைப் போட்டு மிதித்துப் பார்க்கலாம். கன்றுக்கு அளவுகோல் வேறு: அது படுத்திருக்கும்போது கால்கள் வைக்கோலுக்குள் மறைந்திருக்க வேண்டும். கால் தெரிந்தால் இன்னும் போடுங்கள்.

தரிசிலும் சோலை ஓரத்திலும் அடர்ந்து வளரும் பெரணியை அறுத்துப் படுக்கையாகப் போடும் வழக்கம் மலையில் உண்டு. பசித்த மாடு அதைத் தின்னும். மாதக்கணக்கில் தின்றால் சிறுநீர்ப்பையில் கட்டி உண்டாகி, சிறுநீர் ரத்தமாகப் போகும். நீலகிரி மாடுகளில் நன்கு அறியப்பட்ட நோய் இது, முற்றிய பின் தீராது. படுக்கைக்குப் பெரணி வேண்டாம். மேய்ச்சல் வற்றும் ஜனவரியில் பெரணிக்காட்டுப் பக்கம் மாட்டை அவிழ்த்தும் விடாதீர்கள்.

கடைசியாகப் பாதை. வீட்டிலிருந்து கொட்டகை வரை இடுப்பு உயரத்தில் பிடித்து நடக்கக் குழாயோ தடித்த கயிறோ கட்டுங்கள். பாசி பிடித்த கற்படிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சாம்பல் அல்லது மணல் நிறைந்த ஒரு வாளியை இரு முனையிலும் வையுங்கள். விளக்கு சுவிட்ச் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இருட்டில் நடந்துபோய்ப் போடும் விளக்கால் பயன் பாதிதான்.

## தீவனக் கையிருப்பு

உறைபனி விழுந்தால் கிக்குயு புல் கருகிப் பழுப்பாகிவிடும். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் உயரமான இடங்களில் பனியில் கருகும். பனியைத் தாங்கும் பசுந்தீவனம் ஓட்ஸ்தான். செப்டம்பர் இறுதியில் விதைத்தால் டிசம்பரில் முதல் அறுப்பு வரும். யூரியா அதிகம் போட்ட ஓட்ஸைக் கடும் பனி விழுந்த மறுநாளே அறுத்துப் பசித்த மாட்டுக்குத் தனியாகப் போடாதீர்கள். வளர்ச்சி நின்ற தண்டில் நைட்ரேட் தேங்கியிருக்கும். வைக்கோலோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள்.

கணக்கு இப்படி. 350 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு வைக்கோல் 6 கிலோ. இரண்டு மாடு, 100 நாள், 1,200 கிலோ. படுக்கைக்கும் சேதத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 1,440 கிலோ. இயந்திரத்தில் சுருட்டிய கட்டு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ என்றால், 72 கட்டு வேண்டும். சமவெளியிலிருந்து லாரியில் வருவது என்பதால் மழைக்கு முன், செப்டம்பரிலேயே இறக்கிவிடுங்கள். நவம்பரில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது புதிதல்ல. மரச்சட்டத்தின் மேல், தரையிலிருந்து அரையடி தூக்கி அடுக்குங்கள். மார்பு உயரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம். மேலிருந்து கட்டை இழுத்துத் தோளெலும்பு முறிந்தவர்கள் பலர். பூசணம் பிடித்த கட்டைப் படுக்கைக்குக் கூடப் பயன்படுத்தாதீர்கள்.

அடர்தீவனம்: உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, அதோடு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. ஐந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளைக்கு மூன்றரை கிலோ, இரண்டு வேளையாக. தாது உப்புக் கலவை 40 கிராம், உப்பு 30 கிராம். மழையில் நனைய நேர்ந்த நாட்களில் அடர்தீவனத்தைத் திடீரென்று கூட்டாமல் வைக்கோலைக் கூட்டுங்கள். நார்த்தீவனம் இரைப்பையில் புளித்துச் செரிக்கும்போதுதான் உடலுக்குச் சூடு கிடைக்கிறது. அதனால் அன்றைய வைக்கோலின் பெரும்பங்கை மாலை ஐந்தரைக்கு மேல் போடுங்கள். இரவு முழுக்க மாடு அசைபோட்டுக்கொண்டே சூடாக இருக்கும்.

மலைக்காய்கறிக் கழிவு இலவசமாகக் கிடைக்கும். அதற்கும் அளவு உண்டு. கேரட் தழையும் கேரட்டும் நல்லவை, நாளைக்கு ஐந்தாறு கிலோ வரை, நீளவாக்கில் வெட்டி. முழு உருளையும் முழுக் கேரட்டும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலை மொத்தப் பசுந்தீவனத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போனால் வயிறு உப்பும். பச்சை நிறம் ஏறிய, முளைவிட்ட உருளை விஷம். எந்தத் தோட்டத்துக் கழிவானாலும் கடைசியாக என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

தீவன மூட்டை 50 கிலோவாக வரும். இறக்குகிறவரிடமே சொல்லி மூடியுள்ள டிரம்மில் கொட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து மூன்று கிலோ கொள்ளும் வாளியில் எடுத்தால் போதும். தண்ணீருக்கும் அதே முறை: பத்து லிட்டர் குடம் ஒன்றைத் தனியாகச் சுமப்பதைவிட, இரு கையிலும் ஐந்து ஐந்து லிட்டர். இன்னும் நல்லது, குழாயைத் தொட்டிவரை இழுத்துவிடுவது.

## ஒரு நாளின் வரிசை

காலைக் கறவை ஐந்தரைக்கு என்று பழகிய மாட்டை ஏழரைக்கு மாற்றலாம். நவம்பர் தொடக்கத்திலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் தள்ளினால் 24 நாளில் வந்துவிடும். ஒரேயடியாகத் தள்ளினால் மடி கட்டி, மடிநோய் வரும். மாலைக் கறவை ஐந்தரையில் நின்றாலும், பதினாலு மணி நேர இடைவெளியை ஐந்தாறு லிட்டர் மாடு தாங்கும். சங்கத்தில் பால் எடுப்பது ஏழரைக்குள் முடிந்துவிடும் ஊர் என்றால், இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் கறந்து கொண்டுபோக இளையவர் ஒருவருக்குச் சம்பளம் பேசிவிடுங்கள். இந்தச் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாம். விடிகாலை மூடுபனியில் காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள்ளேயும் பாதையிலேயும் நிற்கும். பத்தடி தூரம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

வெயில் விழுந்ததும் முதலில் எட்ட நின்று பார்ப்பது. எந்த உருப்படி எழவில்லை, எது தனியாக நிற்கிறது, எதன் காது தொங்குகிறது. பிறகு தார்ப்பாயைத் தூக்கி, ஈரப் படுக்கையை மட்டும் வாரிவிட்டு, ஒரு கை வைக்கோல் போடுவது. மடியை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரக் காம்பு ஊதைக்காற்றில் வெடித்துவிடும். கறந்த பின் ஓரிரு சொட்டுக் கிளிசரின் தடவலாம்.

தண்ணீர்: மாடு நாளைக்கு 30 முதல் 50 லிட்டர் குடிக்கும், பனிக்காலத்தில் குளிர்ந்த நீரைத் தவிர்க்கும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும், பாலும் குறையும், சாணம் இறுகும். கறுப்பு டிரம்மை வெயிலில் வைத்து, பதினோரு மணிக்கும் நான்கு மணிக்கும் அந்த வெதுவெதுப்பு நீரைக் கொடுங்கள். தொட்டியின் மேல் ஏடு போல் படிந்த பனிக்கட்டியைக் காலையில் கம்பால் தட்டி எடுத்துவிட வேண்டும்.

மேய்ச்சல் பத்து மணிக்கு முன் கூடாது. பனி படிந்த புல்லை வெறும் வயிற்றில் மேய்ந்தால் உப்புசம் வரும். புல்லைக் கையால் தடவி, கை நனையாதபோது அவிழ்த்து விடுங்கள். மூன்றரைக்கு உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். மாட்டுக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நடக்கவே கூடாது. மாடு ஒரு முறை மிரண்டால் போதும், கை முறிந்துவிடும்.

## திட்டத்தை மீறி வந்துவிட்ட பனிக்கால ஈற்று

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு கன்று ஜனவரியில் வரும். ஒரு பெட்டியில் இவை தயாராக இருக்கட்டும்: டிஜிட்டல் வெப்பமானி, டிங்சர் அயோடின், கையுறை, பழைய துண்டு ஆறு, நூல், கத்தரிக்கோல், பால் பாட்டில், வெந்நீர்ப் பை இரண்டு.

1. கன்று விழுந்ததும் மூக்கு, வாய்ச் சளியை விரலால் வழித்தெடுங்கள். தாய் நக்கட்டும், அது ரத்த ஓட்டத்தைத் தூண்டும். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு நீங்கள் துண்டால் தோல்வரை காயும்படி தேயுங்கள். காதும் வாலும் முக்கியம்.
2. தொப்புள்கொடி நீளமாகத் தொங்கினால் இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி நறுக்கி, அயோடினில் முழுதாக முக்குங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் மறுபடியும்.
3. சீம்பால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். ஒன்றரை லிட்டரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள், மீதியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். குடலின் வழி நோய் எதிர்ப்புச் சக்தி ஏறும் வாசல் மணிக்கு மணி மூடிக்கொண்டே வரும். ஒரு நாள் கழித்துக் கொடுக்கும் சீம்பால் வெறும் உணவுதான்.
4. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 39.5 இருந்தால் சரி. 38-க்குக் கீழே என்றால், துணியில் சுற்றிய வெந்நீர்ப் பைகளை இரு விலாவிலும் வைத்துப் போர்த்துங்கள், சூடான சீம்பால் கொடுங்கள். 36-க்குக் கீழே போய், வாயில் விரல் வைத்தாலும் சப்பாத கன்றுக்கு வாயில் பால் ஊற்றாதீர்கள். நுரையீரலில் இறங்கிவிடும். வெப்பமூட்டிக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.
5. கன்றைத் தூக்காதீர்கள். சாக்கின் மேல் உருட்டி, சாக்கை இழுத்து நகர்த்துங்கள்.

நஞ்சுக்கொடி பன்னிரண்டு மணி நேரத்தில் விழவில்லை என்றால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும், இழுக்கவே கூடாது. விழுந்ததைக் கையுறை போட்டு எடுத்து மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வெறுங்கையால் தொட்டால் கன்றுவீச்சு நோய்க் கிருமி மனிதருக்கும் வரும். மேலே போட்டால் நாயும் சிறுத்தையும் வரும். ஈற்றுக்குப் பின் மூன்று நாளுக்குள் தாய் தள்ளாடி, காது குளிர்ந்து, கழுத்தை வளைத்துப் படுத்தால் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியதுதான் காரணம். அதைக் குளிர் என்று நினைத்துப் போர்த்திவிட்டுக் காத்திருந்தால் மாடு போய்விடும்.

கன்றுக்குச் சட்டை தைப்பது எளிது. இரண்டு சணல் சாக்கை விரித்து இணைத்து, மார்பிலும் வயிற்றிலும் நாடா வைத்தால் போதும். பகல் வெயிலில் கழற்றிவிடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஈரச் சாக்கு, சாக்கே இல்லாததைவிட மோசம். இந்த நாட்களில் பாலையும் இரண்டரை லிட்டரிலிருந்து மூன்று, மூன்றேகாலாகக் கூட்டி, 38 டிகிரிச் சூட்டில், மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

செம்மறிக் குட்டிக்குக் கிலோவுக்கு 50 மில்லி சீம்பால் உடனே, 24 மணி நேரத்தில் கிலோவுக்கு 200 மில்லி. பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகி, உடல் 37-க்குக் கீழே குளிர்ந்துவிட்ட குட்டியை நேராகச் சூட்டில் வைக்கக் கூடாது. அதன் உடலில் சர்க்கரை தீர்ந்திருக்கும். சூடு ஏறியதும் வலிப்பு வந்து சாகும். முதலில் மருத்துவர் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும், பிறகுதான் சூடு.

## செம்மறியும் கோழியும்

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை கம்பளி வெட்டாதீர்கள். சாணம் ஒட்டும் வால்பகுதி முடியை மட்டும் கத்தரியுங்கள். தரையிலிருந்து உயர்த்திய பலகைப் பரண் ஆட்டுக்கு மிக நல்லது. சேறு மிதித்து நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். பத்து லிட்டர் நீரில் ஒரு கிலோ துத்தநாக சல்பேட் கரைத்து ஐந்து நிமிடம் நிற்க விடுங்கள். மயில்துத்தம் வேண்டாம், செம்மறிக்குத் தாமிரம் எளிதில் விஷமாகும். நீலநாக்கு, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கும் மாட்டுக்குக் கோமாரிக்கும் தடுப்பூசி உரிய காலத்தில் போட்டாயிற்றா என்று மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் சரிபாருங்கள். சதுப்பு நிலத்தில் மேய்ந்தவற்றுக்கு மழை முடிந்ததும் கல்லீரல் தட்டைப்புழுவுக்கு மருந்து வேண்டும். எது, எவ்வளவு, எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

கோழிக்குச் சூடு தேவையில்லை. காய்ந்த தரை, உயர்ந்த கம்பு, கம்பி வலை இருந்தால் போதும்.

## உடனே ஆள் வேண்டிய நேரம்

இடது விலா பந்துபோல் உப்பி, தட்டினால் மேளம் போல் ஒலித்தால் உப்புசம். மாட்டை முன்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, சமையல் எண்ணெய் 250 முதல் 500 மில்லி (ஆட்டுக்கு 50 முதல் 100) கடைவாயில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தலையை நிமிர்த்திப் பிடிக்காதீர்கள், நாக்கை இழுக்காதீர்கள். இருமினால் நிறுத்துங்கள். மூச்சு வாயால் இழுப்பது, காய்ச்சல் 40-ஐத் தாண்டுவது, சிறுநீர் சிவப்பாவது, ஒரு நாள் முழுக்க அசைபோடாதது இவற்றில் எது தெரிந்தாலும் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும். வீட்டுக்கு வரும் வழியை ஒரு தாளில் எழுதித் தொலைபேசி அருகில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் வழி சொல்ல வராது.

## பார்த்துக்கொள்கிறவரின் உடம்பு

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். எழுந்தவுடன் வெறும் வயிற்றோடு வெளியே போய்ச் சாணம் வாரினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. எழுந்து, சூடாக ஏதாவது குடித்து, மாத்திரை போட்டு, வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் கைகால் அசைத்த பிறகே வெளியே இறங்குங்கள்.

தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய மூன்று அடுக்குத் துணி நல்லது. உள்ளே வியர்வை உறிஞ்சும் பனியன், நடுவில் கம்பளி, வெளியே காற்று புகாத மேலாடை. குல்லாய் கட்டாயம். கம்பூட் ஒரு அளவு பெரிதாக வாங்கினால் கம்பளிக் காலுறைக்கு இடம் இருக்கும். இறுக்கமான பூட்ஸில் கால் இன்னும் குளிரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். தினமும் மாலை வெளிச்சத்தில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள், வெந்நீர்ப் பையை நேராகக் காலில் வைக்காதீர்கள், நீரின் சூட்டை முழங்கையால் சோதியுங்கள். கையில் பனிவெடிப்பு இருந்தால் கையுறை இல்லாமல் மூத்திரச் சேற்றைத் தொடக் கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வெடிப்பின் வழியே வரும்.

நெருப்பைப் பற்றி. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்து உயிர் போன சம்பவங்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உண்டு. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகை நின்ற தணல்தான் அதிகம் ஏமாற்றும். குளிர்காய வேண்டுமானால் திண்ணையில் காயுங்கள்; படுக்கும்போது வெளியே வைத்துவிடுங்கள். கொட்டகைக்குள் எந்தத் தணலும் கூடாது. கன்றுக்கு விளக்குச் சூடு வைப்பதானால் வைக்கோலிலிருந்து மூன்றடிக்கு மேல், கயிற்றில் அல்லாமல் சங்கிலியில் தொங்கவிட்டு, முன்னால் கம்பிக் கூண்டு மாட்டுங்கள்.

நடுக்கம் திடீரென்று நின்று, பேச்சு குழறி, பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறினால் உடல் ஆபத்தான அளவு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரத் துணியை மாற்றி, மார்பையும் கழுத்தையும் முதலில் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். நெஞ்சு வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் வேலையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு உட்கார்ந்து அழைக்க வேண்டும். மாட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போகக் கூடாது.

தனியாக இருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் ஒருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்: காலை எட்டரைக்கும் மாலை ஆறரைக்கும் ஒரு தவறிய அழைப்பு. வராவிட்டால் அவர் வந்து பார்ப்பார். கொட்டகையில் சிக்னல் இல்லாத ஊர்களில் கழுத்தில் ஒரு விசில் போதும்.

## பனி விலகும்போது

பிப்ரவரி நடுவுக்குப் பின் வெப்பமானி தொடர்ந்து பத்து இரவு ஐந்து டிகிரிக்கு மேல் நின்றால், கறவை நேரத்தை வந்த வழியே கால்மணி கால்மணியாக முன்னுக்குக் கொண்டுவரலாம். முதல் கோடை மழைக்குப் பின் துளிர்க்கும் கிக்குயு மிக இளசானது, நார் குறைவு. முதல் நாள் அரை மணி நேரம், பிறகு நாளுக்கு அரை மணி கூட்டி, பத்து நாள் வரை காலையில் வைக்கோல் போட்ட பிறகே அவிழ்த்து விடுங்கள். பனிக்காலம் முழுக்கச் சேர்ந்த தடித்த படுக்கையை முழுதாக வாரி எருக்குழியில் தள்ளும் வேலைக்குக் கூலிக்கு இரண்டு பேரை வையுங்கள். மூன்று மாதம் மிதிபட்டு இறுகிய அந்த எருவை முதியவர் மண்வெட்டியால் பெயர்க்கப் போனால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மீந்த வைக்கோல் கட்டு எத்தனை என்று எண்ணிச் சுவரிலேயே எழுதி வையுங்கள். வரும் செப்டம்பரில் லாரிக்குச் சொல்லும்போது அந்த எண் வேண்டும்.